அலை ஒன்று ஏமாற்றிய கதை

அன்புள்ள நண்பா,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. இருட்டறையில் லேசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய் அல்லவா, சொல்கிறேன்.

பிஸ்மத் செலினைடுதான், டோபாலஜிக்கல் இன்சுலேட்டர். உள்ளே மின்காப்பி, மேல்தோலில் மட்டும் மின்சாரம் ஓடும், அங்கே எலக்ட்ரான் போகும் திசையே அதன் ஸ்பின்னையும் (எலக்ட்ரானுக்குள் இருக்கும் குட்டிக் காந்தம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை) தீர்மானித்துவிடும். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. கைக்கு வரும் படிகத்திலோ ஆங்காங்கே செலினியம் அணுக்கள் விட்டுப்போயிருக்கும், அதனால் உள்ளேயும் எலக்ட்ரான்கள் மண்டிக்கிடக்கும்.

ஒரு லேசர் துடிப்பு எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்பும், இன்னொன்று பின்னாலேயே வந்து எட்டிப்பார்க்கும். இரண்டாவதின் பாதையில் கண்ணாடியை 0.15 மில்லிமீட்டர் தள்ளிவைத்தால், ஒளி போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், 1 பிக்கோ நொடி (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தாமதம் கிடைத்துவிடும். ஆனால் 800 நானோமீட்டர் ஒளியின் ஒரு ஃபோட்டானுக்கு 1.55 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல், இந்தப் பொருளின் ஆற்றல் இடைவெளியோ, அதாவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானை எழுப்பத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலோ, சுமார் 0.3தான், ஆக மேற்பரப்போடு உள்ளே தூங்குகிறவர்களையும் எழுப்பிவிடுகிறோம். அவர்கள் பல பிக்கோ நொடிகள் மேற்பரப்புக்குச் சொட்டிக்கொண்டே இருப்பார்கள். மேற்பரப்பு எலக்ட்ரானுக்கு ஆயுசு கெட்டி என்று எழுதிவிட்டால், பாதி பொய்.

போன மாதம் சிக்னலில் ஓர் அலை தெரிந்தது, கிட்டத்தட்ட 0.46 பிக்கோ நொடிக்கு ஒருமுறை. ஆஹா, மேற்பரப்பு பேசுகிறது என்று இரவெல்லாம் குதித்தேன். காலையில் கணக்குப் போட்டால் 2.2 டெராஹெர்ட்ஸ், நொடிக்கு 2.2 லட்சம் கோடி ஆட்டம்! எல்லோருக்கும் தெரிந்த ஃபோனான், அணு அடுக்குகள் ஒரே தாளத்தில் ஆடுவது. வெட்கமாகிவிட்டது.

மேற்பரப்பு எது, உள்பகுதி எது என்று பிரித்துப் பார்க்கத்தான் இப்போது மெல்லிய அடுக்குப் படலங்களுக்கு வந்திருக்கிறேன். அடியில் இண்டியம் செலினைடு, அது சாதாரண மின்காப்பி, அணுக்கட்டமைப்பும் ஓரளவு ஒத்துப்போவதால் மேலே வளரும் படலத்தில் குறைகள் குறைகின்றன. ஐந்து அணுத்தளம் சேர்ந்தது ஓர் அடுக்கு, ஏறக்குறைய 1 நானோமீட்டர். 6 அடுக்குக்குக் கீழே போனால் மேல்தோலும் அடித்தோலும் ஒன்றையொன்று உணர்ந்து, மேற்பரப்பு நிலையிலேயே இடைவெளி விழுந்துவிடும், அங்கே எனக்கு வேலை இல்லை. அதற்கு மேல் அடுக்குகளைக் கூட்டிக்கொண்டே போனால் உள்ளிருந்து வரும் சிக்னல் ஏறும், மேற்பரப்புடையது அதே அளவில் நிற்கும், நிற்க வேண்டும்.

மூன்று எக்ஸ்பொனென்ஷியல் (வேகமாகத் தேய்ந்து மறையும் கோட்டின் சூத்திரம்) கூட்டிப் போட்டால் எந்த வளைகோடும் பொருந்திவிடும் என்று நீ அன்றே கத்தினாய், நான் கேட்கவில்லை. சரி, 8, 10, 15 அடுக்கில் படலம் கேட்டிருக்கிறேன், வந்ததும் தரவை அனுப்புகிறேன், பழைய மாதிரியே ஈவு இரக்கமில்லாமல் திட்டு. அப்புறம், உன் புது வேலை எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்