உன் ஹெட்போனைத் திறந்துவிட்டேன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பாதியிலேயே சிரித்துவிட்டு மீதியைக் கேட்க மாட்டாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கூட வந்திருக்கும் பெட்டியை உடனே பிரிக்காதே. முதலில் இதைப் படி.

கிளம்பும்போது மேஜை இழுப்பறையில் ஒரு ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி ஹெட்போனை விட்டுவிட்டுப் போனாயே, அதை நான் திறந்துவிட்டேன். ஒரு தடவை இல்லை. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் குறித்து வைத்திருக்கிறேன், எண்ணிப் பார்த்தால் 41 தடவை.

முதலில் அப்படியொரு எண்ணமே இல்லை. அப்பா தூங்கின பிறகு, தையலை மூடி வைத்துவிட்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் கொஞ்ச நேரம் பாட்டுக் கேட்கலாம் என்றுதான் எடுத்தேன். போட்டுக் கேட்டால் வயலின் வருகிறது, குரல் வருகிறது, மிருதங்கத்தின் வலந்தலை டணார் டணார் என்று வருகிறது. தொப்பியை, அதாவது மிருதங்கத்தின் இடது பக்கத்துக் கனத்த சத்தத்தைக் காணோம். இதற்கா இந்தப் பிள்ளை மாசக்கணக்கில் காசு சேர்த்தான் என்று எனக்குக் கோபமே வந்தது.

ஒரு ராத்திரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டேன். எங்கிருந்தோ தொப்பி வந்து கும்மென்று உட்கார்ந்தது. கண்ணாடியைப் போட்டேன், போய்விட்டது. கழற்றினேன், வந்தது. பைத்தியம் மாதிரி பத்து தடவை போட்டுப் போட்டுக் கழற்றினேன். கண்ணாடியின் காதுக்கம்பி ஹெட்போனின் காது மெத்தையை ஒரு நூலளவு தூக்கிவிடுகிறது, அந்த இடுக்கு வழியே காற்று கசிகிறது. கசிந்தால் முதலில் போவது பாஸ் என்கிற கீழ்ஸ்தாயிச் சத்தம்தான். மேல்ஸ்தாயிச் சத்தத்துக்கு அந்த இடுக்கு பொருட்டே இல்லை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் இன்னொரு சங்கடம். கண்ணாடியைக் கழற்றினால் நோட்டு தெரியாது, போட்டால் தொப்பி கேட்காது.

அதற்குத்தான் மெத்தையை மாற்றினேன். பழையது தட்டையாகி இறுகிப் போயிருந்தது. கொஞ்சம் தடித்த, மெத்தென்று அழுந்துகிற ஜோடி வாங்கிப் போட்டதும் கம்பியைச் சுற்றி அது தானே மூடிக்கொண்டது. பாஸ் நின்றது, ஆனால் குரல் ஓரடி பின்னால் போய்விட்டது, ‘ஸ’ எழுத்தெல்லாம் கூர்ப்பாகிவிட்டது. மெத்தை தடித்தால் டிரைவர், அதாவது சத்தம் எழுப்புகிற பாகம், காதிலிருந்து தள்ளிப் போகிறது, உள்ளே இருக்கிற காற்றறையின் அளவும் மாறுகிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இழுத்துக்கொள்கிறது, ரவிக்கையில் தோளைப் பிடித்தால் கை ஏறிக்கொள்கிற மாதிரி. அந்த வகையில் எனக்கு இது புது வேலை இல்லை.

பிறகுதான் திருகைக் கழற்றினேன். தையல் மெஷினுக்கு வைத்திருக்கிற சின்ன ஸ்க்ரூடிரைவர் போதவில்லை, ஒன்று வாங்கினேன். மற்ற ஹெட்போன்களில் கூம்பும் அதன் அடியில் கம்பிச்சுருளும் இருக்கும் என்று நீ படம் போட்டுக் காட்டியது நினைவிருக்கிறது. இதில் அப்படி எதுவும் இல்லை. மெல்லிய ஒரு ஏடு, அதன்மேல் அச்சடித்தாற்போல ஓடுகிற கடத்தி, இரண்டு பக்கமும் காந்தம். மின்சாரம் ஓடினால் ஏடு மொத்தமாக முன்னும் பின்னும் அசைகிறது. 1976-ல் யமஹா ஹெச்பி-1 என்று ஒன்று இதே வகையில் செய்தார்களாம். அந்த ஏட்டை நான் தொடவில்லை, சத்தியமாக. ஆனால் காந்தம் என் கையிலிருந்த திருகைப் பிடுங்கிக்கொண்டது. டப்பென்று போய் ஒட்டிக்கொண்டதும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நல்ல வேளை, ஓரத்தில்தான் விழுந்தது. அன்றிலிருந்து திறக்கிறபோதே டிரைவரின் மேல் ஒரு காகித அட்டையை மூடி வைத்துவிடுவேன், கழற்றிய திருகுகளைத் தூரத்தில் கிண்ணத்தில் போடுவேன். நீயும் அப்படியே செய்.

உள்ளே வெறும் பிளாஸ்டிக் கிண்ணம். ஏடு பின்னால் தள்ளுகிற சத்தம் அந்தச் சுவரில் மோதித் திரும்பி ஏட்டின் மேலேயே வந்து விழுகிறது. விரலால் தட்டிப் பார்த்தால் டொக்கென்று காலி டப்பா மாதிரி இருந்தது. சுவரில் ப்ளூ டாக்கை, படம் ஒட்டுகிற மெழுகு மாதிரிப் பசை அது, மெல்லிசாகத் தட்டி ஒட்டினேன், டொக்கு போனது. அதன்மேல் பஞ்சு. இங்கேதான் நான் சறுக்கினேன். தலையணைக்குத் திணிக்கிற மாதிரி திணித்துவிட்டேன். பாடுகிறவர் வாயில் துணியை அடைத்த மாதிரி ஆகிவிட்டது. எடுத்து எடுத்துக் குறைத்து, கடைசியில் நின்றது கட்டைவிரல் அளவுப் பஞ்சில். கிண்ணத்தின் காற்றுத்துளைக்கு ஊசி போட்ட இடத்தில் ஒட்டுவார்களே, அந்த வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரி. காற்றை முழுசாக அடைக்காது, முழுசாக விடவும் விடாது. ஒரு அடுக்கில் தொப்பி வீங்கிக் கிடந்தது, இரண்டில் அடங்கி ஆழம் தெரிந்தது, மூன்றில் சோர்ந்துவிட்டது. இரண்டோடு விட்டேன்.

நடுவில் ஒருநாள், வலது பக்கத்தை இழுத்துத் திறக்கும்போது உள்கம்பி அறுந்தது. தப்பு என்னுடையது, அவசரம். சால்டரிங் அயர்னை எடுத்து இரண்டு நொடியில் ஒட்டி எடுத்துவிட்டேன். அதற்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் இளகி, முனையே சாய்ந்துவிடும். மிக்ஸி பிளக்கை ஒட்டினவள்தானே என்று அப்பா கிண்டல் செய்தார். கிண்டல் செய்துகொண்டே டார்ச்சும் பிடித்தார்.

நீ சிரிக்கப்போகிற இடம் எனக்குத் தெரியும். “ஈக்யூவில் இரண்டு நிமிஷ வேலைம்மா இது” என்பாய். சத்தத்தின் மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற வசதிதானே அது. பெரும்பாலும் நீ சொல்வது சரி. பஞ்சால் நான் செய்ததில் முக்கால்வாசியை நீ கம்ப்யூட்டரில் நான்கு பட்டன் நகர்த்திச் செய்துவிடலாம். செலவும் இல்லை, கம்பியும் அறாது. கேபிளை மாற்று, சத்தம் பட்டுப்போல ஆகிவிடும் என்கிறவர்களை நம்புவதற்கு ஈக்யூவை நம்பலாம். ஆனால் கண்ணாடிக் கம்பி பண்ணின ஓட்டையை ஈக்யூவால் அடைக்க முடியாது, காது வலியையும் அதனால் போக்க முடியாது. அப்புறம், எனக்குக் கை சும்மா இருக்க முடியாது. அதற்கு மேல் காரணம் கேட்காதே.

இந்தப் பொழுதுபோக்கில் நம்மை ஏமாற்றுவது நாமேதான். பஞ்சு வைத்தால் சத்தம் ஒரு துளி குறையும். குறைந்தது என்று மனசுக்குத் தெரியாது, ‘உயிர் போச்சு’ என்று தோன்றும். எடுத்தால் ‘உயிர் வந்தது’ என்று தோன்றும். ஒரு வாரம் இப்படியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிலையிலும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேட்டால், பாதி வித்தியாசம் காணாமல் போனது. அதற்கப்புறம் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், அதையும் எழுதி வைத்துக்கொள்வது என்று ஆனது.

பெரிய இடத்துக் கதையும் ஒன்று உண்டு. சென்ஹைசர் கம்பெனி 2009-ல் ஹெச்டி 800 என்கிற ஹெட்போனைக் கொண்டுவந்தபோது, 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர் குத்துகிறது என்று பலர் உள்ளே துணித்துண்டு ஒட்டி அடக்கினார்கள். பிறகு வந்த ஹெச்டி 800 எஸ்ஸில் கம்பெனியே அந்த அதிர்வை விழுங்க ஓர் உறிஞ்சியை வைத்தது. வீட்டில் ஒட்டுகிறவர்களை லேசாக நினைக்காதே. 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு ஹெட்போன் செய்து அனுப்பிய நத்தானியேல் பால்ட்வின் அதைச் சமையலறையில்தான் செய்தார். நான் கூடத்து மேஜையில்.

இனி சொல்லப்போவதற்குத்தான் இந்தக் கடிதமே.

எல்லாம் சரியான பிறகும் வலது பக்கம் மட்டும் மந்தமாகவே இருந்தது. பாடகர் நடுவில் நிற்காமல் இடது பக்கம் சாய்ந்து நின்றார். கம்பியை நான் ஒட்டினதில் ஏதோ கோளாறு என்று திரும்ப ஒட்டினேன். பஞ்சைக் குறைத்தேன். இரண்டு டிரைவருக்கும் முன்னால் வட்டமாக ஃபெல்ட் துணி வெட்டி வைத்திருந்தேன், கூர்ப்பை அடக்க. வலது பக்கத்தில் அதை எடுத்தே விட்டேன். கொஞ்சம் தெளிந்தது. இரண்டு வாரம் இதே வேலை, நோட்டில் நான்கு பக்கம் வலது, வலது என்றே இருக்கிறது.

ஒருநாள் இருட்டில் தெரியாமல் ஹெட்போனை மாற்றிப் போட்டுக்கொண்டேன், இடது காதில் வலது பக்கம், வலது காதில் இடது பக்கம். இடது காதில் கண்ணாடிச் சில்லைக் கொட்டின மாதிரி இருந்தது. வலது காதில் எப்போதையும்விட மந்தம். ஹெட்போனைத் திருப்பியும் மந்தம் இடம் மாறவில்லை. அது என் காதோடேயே தங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மரப்பலகையில் ஓட்டை போட்டு, அதில் ஒரு சின்ன மைக்கைப் பலகை மட்டத்துக்குப் பொருத்தி, ஹெட்போனை ஒவ்வொரு பக்கமாக அதன்மேல் கவிழ்த்து, ரூம் ஈக்யூ விஸார்ட் என்கிற மென்பொருளில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஓட்டிப் பார்த்தேன். பலகைக்குக் காது மடல் கிடையாது, அதனால் அந்தக் கோடு நாம் கேட்பதற்குச் சமம் இல்லை. ஆனால் இடதையும் வலதையும் ஒப்பிட அது போதும். ஃபெல்ட்டைத் திருப்பி வைத்து ஓட்டினால் இரண்டு கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. என் திருத்தத்தோடு ஓட்டினால், மேல்ஸ்தாயி முழுக்க வலது பக்கம் எழும்பி நின்றது. நல்ல ஹெட்போனை என் காதுக்குத் தக்கபடி கோணலாக்கி வைத்திருந்தேன்.

காது மருத்துவரிடம் போனேன். பயப்படாதே. கண்ணாடி அறையில் உட்கார வைத்து 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 வரை கேட்க வைத்தார்கள். வலது காதில் 4,000-லிருந்தே சரிவு. இடது காதும் இளமையாக இல்லை, ஆனால் தேவலை. ஒரு காது மட்டும் குறைந்தால் காரணம் பார்க்க வேண்டும் என்று இன்னொரு சோதனையும் செய்து, கவலைப்பட ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். உனக்கு முன்னமே சொல்லாததற்குத் திட்டாதே. முடிவு வராமல் சொல்லி நீ அங்கே தூங்காமல் கிடப்பதில் என்ன இருக்கிறது?

பிறகு ஒரு வேடிக்கை. வலது காதுக்கு மட்டும் ஈக்யூவில் மேல்ஸ்தாயியைக் கூட்டி வைத்தேன், உன் முறைப்படி. பாடகர் நடுவுக்கு வந்துவிட்டார். ஆனால் கேட்கப் பிடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கத்துகிற குருவியும், அப்பா கூப்பிடுகிற குரலும் இந்தக் காதுக்கு மந்தமாகத்தானே வருகிறது? இத்தனை வருஷமாக மனசு அதைச் சரிக்கட்டி வைத்துக்கொண்டிருக்கிறது. ஹெட்போனுக்குள் மட்டும் வேறொரு காது முளைத்த மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன். பாடகர் கொஞ்சம் இடதுபக்கம் நிற்கட்டும், பழகிவிட்டார்.

உன் காதைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகிக்கொண்டே வரும். அப்படியானால் 89-ல் வாரத்துக்கு ஐந்தே மணி நேரம்தான். மட்டமான ஹெட்போன் சத்தம் கூடினால் கரகரத்து நம்மை எச்சரித்துவிடும். இந்த மாதிரி சுத்தமானது எச்சரிக்காது, எவ்வளவு ஏற்றினாலும் இனிமையாகவே இருக்கும். நீ ஆம்ப்ளிஃபயரில் குமிழை எங்கே வைத்துக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும், கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டிருக்கிறது.

பெட்டியில் இருப்பது உன் ஹெட்போன்தான். இரண்டு பக்கமும் இப்போது ஒரே அளவு, பலகையில் ஓட்டி எடுத்த கோட்டை அச்செடுத்துக் கூட வைத்திருக்கிறேன். பஞ்சு, மெழுகு, பிளாஸ்திரி எல்லாமே பிய்த்து எடுக்கக்கூடியவை, எதையும் வெட்டவில்லை, துளைக்கவில்லை. பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கிக்கொள். பழைய மெத்தையும் சின்னப் பையில் இருக்கிறது. ஃபெல்ட் வட்டம் இன்னும் இரண்டு ஜோடி, தடிமன் வேறு வேறாக வெட்டி வைத்திருக்கிறேன். உனக்கு வயசு இருக்கிறது, எனக்குக் கேட்காத கூர்ப்பு உனக்குக் கேட்கும். அதனால் என் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளாமல் கேட்டுப் பார்த்து மாற்று. எதை மாற்றினாலும் எழுதி அனுப்பு. நோட்டில் இடம் இருக்கிறது.

எனக்காகக் கவலைப்படாதே. பழைய சென்ஹைசர் ஹெச்டி 600 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 1997-ல் வந்த மாடல், மெத்தை, கேபிள், தலைப்பட்டை எல்லாம் கருவியே இல்லாமல் கையால் கழன்று வருகிறது. மெத்தையை மட்டும் மாற்றப்போகிறேன். மற்றதை, இப்போதைக்கு, தொடுவதாக இல்லை.

வலது கிண்ணத்தில் ஒரு திருகின் தலை தேய்ந்திருக்கும். அது அப்பா வேலை. அவரிடம் கேட்காதே, இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
அம்மா