ஒக்டோபர் 31 மாலை எங்கள் தெருக்களை மூடித் தாருங்கள்

ரொறன்ரோ மாநகர முதல்வருக்கும் மாநகரசபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிள்ளைகள் வேடம் போட்டு வீடுவீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஒக்டோபர் 31 ஹலோவீன் நெருங்கியதும் பெற்றோருக்கு வருடா வருடம் ஒரே அறிவுரைதான் வந்து சேர்கிறது: பிள்ளைகள் கொண்டுவரும் மிட்டாயைச் சோதியுங்கள். சரி, சோதிக்கிறோம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த மிட்டாயில் நஞ்சிருந்து பிள்ளை இறந்ததாக உறுதியான ஒரு சம்பவம்கூட, பல்லாண்டுகளாகத் தேடிவரும் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்டுக்குக் கிடைக்கவில்லை. எல்லோரும் சொல்லும் 1974 ரெக்சஸ் சம்பவத்தில் நஞ்சு வைத்தது அந்தப் பிள்ளையின் சொந்தத் தகப்பன்.

வீதியைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. நம் சன்னிபுறூக் மருத்துவமனையின் டொனால்ட் ரெடல்மேயரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 1975 முதல் 2016 வரையான விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரு வாரம் முந்திய, பிந்திய மாலைகளோடு ஒப்பிட்டால், ஹலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் 43 வீதம் கூடுதல். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு அது பத்து மடங்கு. மிக மோசமான நேரம் ஆறு மணியளவு. இங்கே அன்று சூரியன் மறைவதும், வேலை முடிந்தவர்கள் வீடு திரும்புவதும் அதே நேரத்தில்தான்.

ஸ்காபரோவின் உள்வீதிகளை அந்த நேரத்தில் வந்து பாருங்கள். பல தெருக்களில் நடைபாதை ஒரு பக்கம் மட்டும்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. வேட உடுப்புக்கு மேலே தடித்த கறுப்பு ஜக்கெட். முகமூடி கொஞ்சம் விலகி, ஒரு கண் மறைந்திருக்கும். எதிர்வீட்டு வாசலில் பூசணி விளக்கைக் கண்டதும், நிறுத்திவைத்த இரண்டு வாகனங்களுக்கு நடுவால் பிள்ளை ஓடிவிடும். ஆறு வயதில் ஓடத்தான் செய்யும். எத்தனை தடவை சொல்லி அனுப்பினாலும் ஓடும். ஒளிதெறிக்கும் பட்டி ஒட்டிவிடுகிறோம், கையில் டோர்ச் கொடுக்கிறோம், கூடவே நடக்கிறோம். அதற்குமேல் பெற்றோரால் முடிவதில்லை.

பேருந்து ஓடும் பெரிய வீதிகளை நாங்கள் கேட்கவில்லை. குடியிருப்புத் தெருக்களை மட்டும், மாலை 5 மணியிலிருந்து 8.30 வரை மூடுங்கள். அங்கே வசிப்பவர்களும் அவசர வண்டிகளும் நடைவேகத்தில் போகட்டும். தெருவிழாவுக்கு அனுமதி கேட்கும் முறை ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் தாயும் தகப்பனும் ஆளுக்கு இரண்டு வேலை பார்க்கும் தெருக்களில் அந்தப் படிவத்தோடு அலைய யாருக்கு நேரம்? சபையே அறிவிப்பதுதான் நியாயம். 2016இல் வீதி மரணங்களை இல்லாமலாக்கும் விஷன் சீரோ திட்டத்தை நிறைவேற்றியதும் இதே சபைதானே. ஆரம்பப் பாடசாலைகளைச் சுற்றிய தெருக்களிலிருந்தாவது தொடங்குங்கள்.

ஒக்டோபர் பிறப்பதற்கு முன் முடிவெடுத்தால், தடுப்புகளை ஒழுங்கு செய்யவும் சாரதிகளுக்கு அறிவிக்கவும் காலம் இருக்கும். தடுப்புக்குப் பக்கத்தில் நிற்க ஆட்கள் தேவையென்றால் சொல்லுங்கள், நான் வருகிறேன். எங்கள் தெருவில் இன்னும் பலர் வருவார்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இரண்டு பிள்ளைகளின் தாய்