செட்டிநாட்டின் மூத்த ஆர்க்கிடெக்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரங்களில் தொழில் நடத்திவரும் மூத்த கட்டடக்கலைஞர்களுக்கு வணக்கம்.

நம் ஊர்களிலிருந்து ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பான பி.ஆர்க். படிப்பை முடித்துவரும் பிள்ளைகளுக்குத் தொழிற்பதிவு பெறும் வழியைக் காட்டவும், பதிவு எண் கைக்கு வந்தபின் முதல் இரண்டாண்டுகள் உடன் நிற்கவும், நீங்கள் ஒவ்வொருவரும் மாதத்துக்கு ஒரு மாலைப்பொழுதை ஊதியமின்றித் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். நானும் தருகிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் பெருமைப்பட ஏதுமில்லை. பட்டம் வாங்கியதுமே ஆர்க்கிடெக்ட் ஆகிவிட்டதாக எண்ணி வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டியவன் நான். ஆர்க்கிடெக்டுகளைப் பதிவுசெய்யும் தேசிய அமைப்பான கட்டடக்கலைக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறாதவர் அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்டுகள் சட்டம் சொல்வதைப் பாடமாகப் படித்துத் தேறியிருந்தும், அது என்னைப் பற்றிய செய்தி என்பது உறைக்கவில்லை. தேவகோட்டையில் ஓய்விலிருந்த பெரியவர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, "நம்பர் எங்கே தம்பி?" என்று கேட்ட பிறகே பலகையைக் கழற்றிவிட்டு விண்ணப்பித்தேன். அதன்பின் ஓராண்டு, ஞாயிறுதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றதை வைத்துத்தான் இன்றும் தொழில் ஓடுகிறது.

இன்றைய பிள்ளைகளின் குழப்பம் வேறு வகையானது. சட்டத்தின் 37ஆம் பிரிவு பட்டப்பெயரைக் காக்கிறதே தவிர, பதிவில்லாதவர் கட்டடங்களை வடிவமைப்பதைத் தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் பாதி மட்டும் கேட்டவர்கள், "அப்படியானால் பதிவு எதற்கு?" என்கிறார்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்கீழ் ஆர்க்கிடெக்ட் என்ற தகுதியில் பதிவுபெற்றுக் கட்டட அனுமதி வரைபடத்தில் கையெழுத்திட அந்த எண் வேண்டும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அமெரிக்காவில் உரிமம் பெற விரும்புவோர் 3,740 மணி நேர அனுபவத்தை ஆறு துறைகளில் கணக்குக் காட்டி, ஆறு பகுதிகள் கொண்ட தேர்வையும் எழுத வேண்டும். அந்த நெடுவழியில் அவர்களுக்கு உதவுவதற்கென்றே கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் உரிம ஆலோசகர்கள் தொண்டாகப் பணிபுரிகிறார்கள். நமக்கோ அங்கீகரிக்கப்பட்ட பட்டம் ஒன்றே போதும். அதற்குமேல் தேர்வு இல்லை. வழி குறுகியது என்பதால் வழிகாட்டி வேண்டாம் என்று சிலர் நினைக்கலாம். குறுகியதாக இருப்பதாலேயே வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் கையெழுத்திடும் அதிகாரம் வந்துவிடுகிற வேகத்தில் அதன் பாரம் தெரிவதில்லை.

சென்ற ஆண்டு ஓர் இளம்பெண், பதிவு எண் வந்த புதிதில், வரைபடத்தைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வந்தாள். ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டை, அதாவது உள்ளே இரண்டாவதாக வரும் முற்றப் பகுதியை, இடித்துவிட்டுத் தங்கும் அறைகள் கட்டும் திட்டம் அது. வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் உரிமைப் பங்குள்ள பங்காளிகள் எத்தனை பேர் என்று கேட்டேன், தெரியவில்லை. விசாரித்ததில் பதினொரு பேர், அவர்களில் மூவர் வெளிநாட்டில். வேலை கொடுத்தவர் ஒருவரே. மற்றவர்களின் சம்மதம் எழுத்தில் வரும்வரை கையெழுத்திடாதே என்றேன். இரண்டாங்கட்டின் பர்மாத் தேக்குத் தூண்கள் இறங்கியதும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விட்டால், பிறகு எந்தத் திருத்திய வரைபடமும் அவற்றைத் திருப்பி நிறுத்தாது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டிலேயே இடம்பெற்ற ஊர்களில் இது அன்றாட நிகழ்வு என்பதை நீங்கள் அறிவீர்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் பங்காளிக் கணக்கு இல்லை.

தொழில்நடத்தை குறித்த 1989ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளையும் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வேலை பிடித்துத் தந்ததற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. மனை பார்த்துக் கொடுத்த தரகர் கையை நீட்டும்போது இருபத்து மூன்று வயதுப் பிள்ளை என்ன சொல்லி மறுப்பது என்பதை அவை சொல்வதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல முடியும். விளம்பரத்துக்கும் அவற்றில் கட்டுப்பாடு உண்டு. இன்ஸ்டாகிராமில் நாள்தோறும் படம் போடும் தலைமுறையிடம் இதைப் பேசுவது சங்கடம்தான், என்றாலும் பேசாமல் விடுவதற்கில்லை.

நம் ஊர்க்காரர்கள் கடல்கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில், பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கடையில் சேர்ந்தவன் உதவியாளான அடுத்தாளாகி, பிறகு கடைப்பொறுப்பேற்கும் மேலாளாவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை அவன் எழுதிய பேரேட்டை இன்னொருவர் கண் பார்த்தது. அந்தக் கண்டிப்பு முழுவதையும் நான் கேட்கவில்லை (அதில் சில கொடுமைகளும் இருந்தன); பார்க்கும் அந்தக் கண் மட்டும் வேண்டும்.

வேலைப்பளு உங்களுக்கு எவ்வளவு என்று தெரியும். ஆகையால் உங்களில் ஒருவருக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். அவர்கள் உங்கள் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் வரைபடம் வரையக் கூடாது என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்வோம். வழிகாட்டுதல் என்ற பெயரில் இலவச வேலை வாங்கும் வழக்கத்தை இளவயதில் நானும் அனுபவித்திருக்கிறேன்.

வரும் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் காரைக்குடியில் என் அலுவலகத்தில் கூடுவோம். நீங்கள் கையெழுத்திட மறுத்த வரைபடம் ஒன்று பழைய கோப்புகளில் கிடந்தால், பெயர்களை மறைத்துவிட்டு அதை எடுத்து வாருங்கள். பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
காரைக்குடியில் தொழில் நடத்தும் உங்கள் இளவல் ஒருவன்