குழந்தையின் வயதை மறைக்கும் அரை நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வந்த குழந்தை வளர்ப்புக் கட்டுரையில், ‘பெற்றோருக்கு நேரமில்லாத இக்காலத்தில் நற்பண்புகளைக் கற்பிக்கும் பொறுப்பைப் பள்ளிகள்தான் ஏற்க வேண்டும்’ என்றிருந்தது. மூன்று நாட்களாக அந்த வரி என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் அரசுப் பேருந்தில் 28 ஆண்டுகள் நடத்துநராக இருந்து, 2017-இல் ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் திருநெல்வேலி – தென்காசி தடம். அப்போது 3 வயது முடிந்த குழந்தைக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும். ஒருநாள் ஆலங்குளத்தில் ஏறிய ஒரு தாயிடம், மடியில் இருந்த பெண் குழந்தையின் வயதைக் கேட்டேன். “இன்னும் மூன்று முடியவில்லை” என்றார். குழந்தை உடனே, “இல்லையம்மா, எனக்கு ஐந்து. ஒன்றாம் வகுப்பு!” என்றது. தாயின் விரல்கள் குழந்தையின் தொடைக்குப் போனதைப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்ட, அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, “மூன்று” என்றது.

அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். “பச்சைப் பிள்ளைக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறாரே” என்று பின் சீட்டுக்காரர்கள் என்னைத்தான் ஏசினார்கள். டிக்கெட் கொடுக்காமல் விட்டு, வழியில் செக்கிங் ஏறினால் மெமோ எனக்கு. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னதற்குக் கிள்ளு வாங்கிய அந்த முகம்தான் இன்றுவரை மறக்கவில்லை.

ஐயா, அந்தப் பாடத்தை நடத்த அந்தத் தாய்க்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பொய்யைக் கற்றுக்கொடுக்க நேரம் இருந்தது. உண்மைக்கு மட்டும் ஏன் நேரம் இல்லை என்று எழுதுகிறீர்கள்?

2022-இல் 5 வயது வரை கட்டணமில்லை என்று ஆக்கினார்கள். மகிழ்ந்தேன். ஆனால் போன மாதம் பேத்தியுடன் தென்காசிக்குப் போனபோது, முன் சீட்டில் இரண்டாம் வகுப்புப் புத்தகப் பையோடு உட்கார்ந்திருந்த பையனுக்கு, ‘ஐந்து முடியவில்லை’ என்றார் அவன் தகப்பனார். பேத்தி என் முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் படித்த காலத்தில் நீதிபோதனை வகுப்பு இருந்தது. திருக்குறளைப் பாடமாக்க 2016-இல் மதுரைக் கிளை உயர் நீதிமன்றமே சொன்னது. எங்கள் தெருவில் குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பையன், பதினாறு வயதில் அப்பாவின் பைக்கை ஓட்டிக்கொண்டு டியூஷன் போகிறான். 18 வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் என்று 2019-இல் சட்டம் வந்துவிட்டது. “முக்கில் போலீஸ் நின்றால் சந்து வழியாக வந்துவிடு” என்று சொல்லி அனுப்புகிறார் தகப்பனார். குறளுக்கு அந்த வீட்டில் இடம் எங்கே?

நானும் தவறியவன்தான். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்றபோது, ‘அப்பா இல்லை என்று சொல்’ என்று எட்டு வயது மகனை அனுப்பினேன். பத்து ஆண்டுகள் கழித்து, கல்லூரி விடுதியில் இருந்து அவன் என்னிடம் சரளமாகப் பொய் சொன்னபோது, அவனைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை.

இதே கருத்தை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் உங்களுக்கு எழுதினேன். உங்கள் இதழைப் பாராட்டிய நான்கு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். முப்பது ஆண்டு வாசகன், வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில், சிறுவர் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம் கட்டி, ‘5 வயது முடிந்தால் பேருந்தில் அரை டிக்கெட்’ என்று போடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்படி, எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
பாவூர்சத்திரம்.