ஸ்டிக்கர் ஒட்டுறவங்க எழுதுற மடல்

வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்,

ஆள் வந்தா லைட்ட தானா போட்டு, போனா அணைக்கற மாதிரி உங்க வீடுகள்ல நாங்க மாட்டுற சென்சார் பத்தி ரெண்டு வாரமா ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்திட்டு இருக்கு, உங்கள்ல பல பேர் எனக்கே அத ஃபார்வர்ட் பண்ணிட்டீங்க, அதனால கேக்காத மாதிரி இருக்க முடியல. பாத்ரூம்ல உக்காந்திருக்கும்போதே லைட் அணைஞ்சுதாம். அது எங்க தப்புதான், கீழ சொல்றேன். ஆனா அதுலயே "பின்னாடி டேப்ப உரிச்சு செவுத்துல ஒட்டுறதுக்கு மூணு மணி நேரம், அதுக்கு கூலி வேற"ன்னு ஒரு வரி வருது பாருங்க, அதுதான் மனசுல தச்சுடுச்சு.

டேப் ஒட்ட ஒரு நிமிஷம் போதும்ங்க. மிச்ச நேரமெல்லாம் எங்க ஒட்டக்கூடாதுன்னு பாக்கறதுக்குத்தான் போகுது. சாதாரண பிஐஆர் மோஷன் சென்சார் ஆளையே பாக்கறதில்ல, உடம்புல இருந்து வர்ற வெப்பம் இடம் மாறுதான்னுதான் பாக்குது, குறுக்க நடந்தா டக்குன்னு புடிச்சிடும், நேரா அத நோக்கி நடந்து வந்தா கொஞ்சம் மந்தம்தான். அதனாலதான் வாசலுக்கு நேர் எதிர்ல வைங்கன்னு சொன்ன உங்ககிட்ட மல்லுக்கட்டி பக்கத்து மூலைக்கு, ஒரு 2 மீட்டர் உயரத்துக்கு கொண்டு போனோம். வெயில் விழுற இடமும் ஏசி காத்து படுற இடமும் ஆகாது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹால் லைட் தானா எரியுது, ஏதோ நடமாடுதுன்னு பயந்து போன் பண்ணுன வீடு ஒண்ணு இருக்கு, பேர் சொல்ல மாட்டேன், அங்க நடமாடுனது ஏசி காத்துதான்.

கதவு சென்சாரும் அப்படித்தான், உள்ள இருக்கறது காந்தத்துக்கு வேலை செய்யற குட்டி சுவிட்ச், இரும்புக் கதவா இருந்தா அந்த காந்தத்தோட வேலையவே கெடுத்துடும், நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்டு வெச்சு ஏத்தி ஒட்டி பத்து தடவ திறந்து மூடிப் பாக்கணும். அப்புறம் சென்சாரோட சேத்து நாங்க மாட்டுற ஸ்மார்ட் ப்ளக்கப் பத்தி "எக்ஸ்ட்ரா ப்ளக்க தலையில கட்டிட்டாங்க"ன்னு வேற பேச்சு. எங்க சென்சாருங்க வயர் இல்லாம பேசிக்கற ஜிக்பீங்கற முறையும், பல வீட்டு வைஃபையும் ஓடுறது ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலதான், ரெண்டுக்கும் சேனல் பிரிச்சு வெக்கணும். பேட்டரி சென்சார் அடுத்த சென்சாரோட சிக்னல கடத்தாது, எப்பவும் கரண்ட்ல இருக்கற ப்ளக் மாதிரி சாமான்தான் கடத்தும். கோடி ரூம்ல இருந்து ஹப்புக்கு, அதாவது எல்லா சென்சாரையும் சேத்துக் கட்டுப்படுத்துற பெட்டிக்கு, சிக்னல் வந்து சேர்றதே அந்த ப்ளக் புண்ணியத்துலதான்.

சரி, பாத்ரூம். அசையாம உக்காந்தா பிஐஆருக்கு அங்க ஆளே இல்லன்னுதான் அர்த்தம், நாங்க ரெண்டு நிமிஷத்துல அணையற மாதிரி செட் பண்ணிட்டு வந்துட்டோம், யோசிச்சிருக்கணும், மன்னிச்சுக்கங்க. ரேடியோ அலைய அனுப்பி அது திரும்பி வர்றத வெச்சு பாக்கற எம்எம்வேவ் ரேடார் சென்சார்னா மூச்சு விடுற அசைவக் கூட கண்டுபிடிக்கும், ஆனா ஓடுற ஃபேனையும் ஆடுற திரையையும் கூட ஆளுன்னு நெனச்சுக்கும், பெரும்பாலும் வயர் இழுத்துதான் கரண்ட் குடுக்கணும், அதான் எல்லா ரூமுக்கும் அத மாட்டல. பாத்ரூம்ல நாங்களா பிஐஆர் மாட்டுன வீடுகளுக்கு வந்து மாத்தித் தர்றோம், கூலி கிடையாது. அதுவரைக்கும் ஆப்ல அணையற நேரத்த 15 நிமிஷமா கூட்டி வெச்சுக்கங்க.

வர கொஞ்சம் லேட் ஆகும். உங்க வீட்டுக்கெல்லாம் வந்துட்டிருந்த தம்பி வேலைய விட்டுப் போயிட்டாரு, எந்த வீட்ல எந்த செவுறு சிக்னல முழுங்கும்னு அவருக்கு மனப்பாடம், அத நாங்க எழுதி வெச்சுக்கல. அடுத்த மாசத்துல இருந்து, இந்த பாத்ரூம் வேலைய தவிர, மாட்டுனதுக்கு அப்புறம் வர்ற விசிட்டுக்கு, பேட்டரி மாத்தறதுக்கும் சேத்து, சின்னதா ஒரு கட்டணம் இருக்கும்.

அந்த மெசேஜுக்கு கீழயே "எங்க வீட்ல நல்லாத்தான் ஓடுது"ன்னு போட்டவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, ஒவ்வொண்ணா உக்காந்து படிச்சேன். எங்களயே நம்பி பக்கத்து வீட்டுக்கும் சொல்லி விடுறீங்க, அத மறக்க மாட்டோம்.

ஒண்ணே ஒண்ணு, அந்த எக்ஸ்ட்ரா ப்ளக்க மட்டும் யாரும் ஆஃப் பண்ணிடாதீங்க, சென்சார் செத்துப்போச்சுன்னு வர்ற போன்ல பாதி அதுதான்.