டிரைவ்ஷாஃப்ட்டையும் கேளுங்கள்: பந்தயப் பரிசோதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

நேர்ப்பாதையில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் டிராக் (drag) பந்தயங்களை நடத்தும் அமைப்பாளர்களுக்கும் வாகனப் பரிசோதனைக் குழுவினருக்கும் வணக்கம்.

ஹெல்மெட்டில் தொடங்கி சீட் பெல்ட்டில் அச்சிட்ட தேதி வரை பார்க்கிறீர்கள். காருக்கு அடியில் டார்ச் அடித்து, எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குக் கொண்டுபோகும் சுழல் குழாயான டிரைவ்ஷாஃப்ட்டைச் சுற்றிக் காப்பு வளையம் இருக்கிறதா என்றும் பார்க்கிறீர்கள். அமெரிக்காவின் டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி அந்த வளையம் முன்பக்க யுனிவர்சல் ஜாயின்ட்டிலிருந்து (ஷாஃப்ட் முனையில் வளைந்துகொடுக்கும் மூட்டு) 6 அங்குலத்துக்குள், ஷாஃப்ட்டை முழு வட்டமாகச் சுற்றி இருக்க வேண்டும். இரும்புப் பட்டையாக இருந்தால் கால் அங்குலத் தடிமனும் 2 அங்குல அகலமும் வேண்டும். நல்ல விதி, எங்கள் ஓட்டுநரைக் காப்பாற்றிய விதி. ஆனால் அது ஷாஃப்ட் உடைந்த பிறகுதான் உதவிக்கு வரும். உடைவதற்கு முன்பே, "என்ன ஷாஃப்ட் போட்டிருக்கிறாய், எதை வைத்துத் தேர்ந்தெடுத்தாய்?" என்று பரிசோதனையில் என்னை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது.

நடந்தது இதுதான். எஞ்சினின் சக்தியைக் கூட்டினோம். பின் அச்சின் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை 4.10 விகிதத்துக்கு மாற்றினோம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றும். ஷாஃப்ட் மட்டும் பழையது: மூன்றரை அங்குல இரும்புக் குழாய், 2.1 மில்லிமீட்டர் தடிமன், இரு ஜாயின்ட்டுகளுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் நீளம். ஆயிரம் குதிரைத்திறன் தாங்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பாதித் தூரம் தாண்டியதும் தரைத் தகடு அதிர்ந்தது. டயர் பேலன்ஸ் சரியில்லை என்று நினைத்து டயரைக் கழற்றி மாட்டினோம். மூன்றாவது ஓட்டத்தில் குழாய் நடுவில் வில்லாக வளைந்து, முன் ஜாயின்ட் பிய்ந்துபோனது. வளையம் பிடித்துக்கொண்டது. அது இல்லாமல் ஷாஃப்ட்டின் முன்முனை ஓடுதளத்தில் குத்தியிருந்தால் காரையே நெம்பித் தூக்கியிருக்கும்.

முறுக்கு விசை தாங்காமல் உடைந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கணக்குப் போட்டபோது வேறு விடை வந்தது. 28 அங்குல டயருடன் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில், 4.10 விகிதத்தில், ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6,100 சுற்று சுற்றுகிறது. டயர் வழுக்கினால் இன்னும் கூடும். எந்த ஷாஃப்ட்டுக்கும் ஒரு மாறுநிலை வேகம் உண்டு. அதை நெருங்கினால் குழாய் நேராக நிற்காமல், இருவர் சுழற்றும் ஸ்கிப்பிங் கயிறு போல நடுவில் புடைத்துச் சுழலும். எங்கள் குழாய்க்கு அது ஏட்டுக் கணக்கில் சுமார் 6,500 சுற்று. ஜாயின்ட்டின் எடை, கியர்பாக்ஸ் மவுன்ட்டின் நெகிழ்வு எல்லாம் சேர்ந்தால் உண்மையில் அதற்கும் கீழேதான் வரும். அந்த எல்லைக்குள் நாங்களே மூன்று முறை காரை விரட்டியிருக்கிறோம்.

இந்த வேகம் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மாறுகிறது. அதே குழாயை 1.25 மீட்டராகக் குறைத்தால் சுமார் 9,300 ஆகிவிடும். நீளத்தைக் குறைக்க வழியில்லாவிட்டால் விட்டத்தைக் கூட்டலாம்: ஒன்றரை மீட்டரிலேயே 4 அங்குலக் குழாய் என்றால் சுமார் 7,400. பலரும் தவறாக நினைப்பது அலுமினியத்தைப் பற்றித்தான். அலுமினியம் இரும்பைவிட லேசு, அதே அளவுக்கு விறைப்பும் குறைவு. அதனால் ஒரே விட்டத்தில் இரண்டுக்கும் மாறுநிலை வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எடையைக் கூட்டாமல் பெரிய விட்டம் போடலாம் என்பதே அதில் லாபம். அதிலும் 6061-டி6 என்ற அலுமினியக் கலவைக் குழாயை வெல்டு செய்யும் இடத்தில் சூட்டால் வலிமை கணிசமாகக் குறையும். எடைக்கு மிஞ்சிய விறைப்பு கார்பன் ஃபைபரில்தான் இருக்கிறது. ஆனால் அது முனைகளில் ஒட்டிச் செய்வது. எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பக்கத்தில் ஓடினால் அந்த ஒட்டு சூட்டைத் தாங்காது.

மாறுநிலை வேகத்தில் முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது என்று இப்போது எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். அதனால் அந்தக் காரில் 4 அங்குலக் குழாயும் 3.73 பினியனும் போட்டோம்.

முறுக்கு விசையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதற்கு எல்லை வைப்பது எஞ்சினைவிட டயரின் பிடிதான். 1,500 கிலோ காரின் முழு எடையும் பின் டயரில் இறங்கி, எடையைப் போல் ஒன்றரை மடங்கு பிடி கிடைத்தால், 4.10 விகிதத்தில் ஷாஃப்ட்டுக்கு வருவது சுமார் 1,900 நியூட்டன் மீட்டர். 3.23 விகிதத்தில் அதுவே 2,400. கிளட்சைச் சட்டென்று விடும்போதும், டயர் குதிக்கும்போதும் வரும் அடி இதைவிட மிகப் பெரிது. அந்த அடி முதலில் தேடுவது யுனிவர்சல் ஜாயின்ட்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டான கிராஸை. அதனால் 1310 வரிசை கிராஸ் இந்தக் கார்களுக்குப் போதாது. அதைவிடப் பெரிய 1350 வரிசை வேண்டும், அதுவும் கிரீஸ் நிப்பிள் துளை இல்லாத திட கிராஸாக. துளை இருக்கும் இடத்தில்தான் விரிசல் தொடங்கும்.

நான் கேட்பது பதிவுப் படிவத்தில் சில வரிகள்தான். ஜாயின்ட் நடுவிலிருந்து நடு வரை நீளம், குழாயின் விட்டம், தடிமன், பொருள், கிராஸ் வரிசை, பினியன் விகிதம், டயர் உயரம், எதிர்பார்க்கும் இறுதி வேகம். இவற்றிலிருந்து ஷாஃப்ட்டின் சுழல்வேகத்தையும் மாறுநிலை வேகத்தையும் போட்டியாளரே கணக்கிட்டு எழுதட்டும். காருக்கு அடியில் டார்ச் அடிக்கும்போது குழாயில் நசுங்கல் இருக்கிறதா, கிராஸைப் பிடிக்கும் இரு முனை யோக்குகளும் (கவைகளும்) ஒரே தளத்தில் இருக்கின்றனவா, கிராஸில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிர்கிறது என்று ஓட்டுநர் சொன்னால் காரணம் தெரியும்வரை அடுத்த ஓட்டத்துக்கு அனுமதிக்காதீர்கள். எங்களை யாராவது அப்படி நிறுத்தியிருக்க வேண்டும்.

படிவத்தை எழுதித் தரவும், கணக்கு முறையைப் பரிசோதகர்களுடன் உட்கார்ந்து சொல்லித் தரவும் நான் தயார். வளைந்த அந்தக் குழாயை இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த பந்தயத்தன்று பரிசோதனை மேசைக்குக் கொண்டுவருகிறேன், வரிசையில் நிற்கும் எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
டிராக் கார் கட்டும் ஒரு மெக்கானிக்