வீடு மாறும் முன் அளக்க வேண்டியவை: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பிள்ளைகள் போன பிறகு நான்கு அறை வீட்டில் நீங்களும் அத்தானும் மட்டும். சின்ன வீட்டுக்கு இப்போதே போய்விடலாமா, இன்னும் இரண்டு மூன்று வருடம் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகன் இதே நேரத்தில் பெரிய வீடு தேடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டு பேருக்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இப்போதைய வீடு எந்த இடத்தில், எந்த வேளையில் உங்களுக்கு ஒத்துவரவில்லை, அது இன்னும் எத்தனை வருடத்துக்கு அப்படியே இருக்கும்?

முதலில் ஒரு மாதச் சோதனை. போக நினைக்கும் வீட்டில் இரண்டு அறை என்றால், இங்கே மீதி இரண்டு அறைகளைப் பூட்டிவிடுங்கள். அன்றாடம் தேவைப்படும் என்று தோன்றுவதை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். கதவில் ஒரு தாளை ஒட்டி, திறக்கும் ஒவ்வொரு முறையும் தேதியையும் காரணத்தையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் காரணங்கள் இரண்டு வகையாகப் பிரிந்திருக்கும். ஏதோ ஒரு பொருளை எடுக்கத் திறந்தது ஒன்று, உள்ளே இருந்து ஏதாவது செய்யத் திறந்தது இன்னொன்று. முதல் வகை அதிகமென்றால் உங்களுக்குக் குறைவது அலமாரி. அதற்காக ஓர் அறையைச் சுமக்க வேண்டாம். இரண்டாவது அதிகமென்றால், தையல் மெஷினோ, ஒருவர் தூங்கும்போது மற்றவர் டிவி பார்ப்பதோ, அந்த வேலை புது வீட்டில் எந்த மூலையில் நடக்கும் என்று விரலால் காட்ட முடிந்த பிறகே சம்மதம் சொல்லுங்கள். குறட்டைக்காகத் தனித்தனியாகப் படுக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. வெட்கப்பட்டு அதைச் சொல்லாமல் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்குப் போய்ப் பிறகு ஹாலில் படுக்கிறார்கள். தாளில் அதையும் எழுதுங்கள்.

விருந்தினர் அறையைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள். போன வருடம் எத்தனை இரவு அங்கே யாராவது தங்கினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு இரவுக்காக வருடம் முழுக்க ஓர் அறையைக் கூட்டிப் பெருக்க வேண்டாம், மடக்குக் கட்டில் ஒன்று போதும். பேரப்பிள்ளைகள் விடுமுறை முழுவதும் தங்குவார்கள் என்றால் கணக்கு வேறு. அப்போது மூன்றாவது அறையை வைத்துக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம்.

அடுத்து சாமான். இதைப் பொருள் பொருளாக எண்ணினால் கணக்கு முடியவே முடியாது. அலமாரித் தட்டுகளின் நீளத்தை அளவு நாடாவால் எடுத்துக் கூட்டுங்கள். இங்கே மொத்தம் 120 அடி தட்டு, அங்கே 70 அடி என்றால், ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போக வேண்டும். எது போக வேண்டும் என்ற வாக்குவாதத்தை விட இந்த ஒரு கணக்கு வேகமாக வேலை செய்யும். கழிப்பதை மனசு ஒட்டாத இடத்தில் தொடங்குங்கள்: பரண், பழைய வயர்கள், இரட்டை இரட்டையாய்க் கிடக்கும் பாத்திரங்கள். புகைப்படமும் கடிதங்களும் கடைசி. அவற்றில் தொடங்கியவர்கள் அன்றைக்கு வேறு வேலை பார்த்ததில்லை. பிள்ளைகளின் பெட்டிகளுக்கு அவர்களிடம் ஒரு தேதி சொல்லிவிடுங்கள், அதற்குள் வந்து எடுக்கட்டும். மிச்சத்தை வாடகைக் கிடங்கில் போடுவதென்றால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் தேடாத பொருளை அப்புறமும் தேட மாட்டீர்கள்.

இந்தக் கழிப்பு வேலைக்கு வாரம் இரண்டு நாள் ஒதுக்கினாலும் நான்கைந்து மாதம் பிடிக்கும். குனிந்து நிமிர்ந்து, ஏணி ஏறி, தூக்கி வைத்துச் செய்யும் வேலை. எப்போது போவது என்ற உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது: இந்த வேலையை நீங்களே செய்யத் தெம்பு இருக்கும்போது. முழங்கால் அறுவைக்குப் பிறகோ, ஒருவர் படுக்கையில் விழுந்த பிறகோ மாறினால், எதை வைப்பது, எதை விடுவது, எந்த வீடு என்பதையெல்லாம் அவசரத்தில் வேறு யாரோ முடிவு செய்வார்கள். மாடிக்குப் போவதைத் தள்ளிப்போட்டுத் துணிகளைக் கீழேயே வைக்க ஆரம்பித்துவிட்டீர்களா? இரவில் படி இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறீர்களா? அப்படியென்றால் மூன்று வருடம் காத்திருக்காதீர்கள். மாறாக, துக்கம் நடந்து ஒரு வருடம் ஆகாத வீட்டில் இருப்பவர்களிடம் பொறுக்கச் சொல்வேன். பணமோ படிக்கட்டோ துரத்தினால் மட்டும் அதற்கு விலக்கு.

வீடு பார்க்கும்போது விளம்பரத்தில் போட்ட சதுரடியை நம்பிவிடாதீர்கள். சுவரின் கனம், பால்கனி, சில இடங்களில் பொதுப் படிக்கட்டின் பங்கு கூட அதில் சேர்ந்திருக்கும். சுவருக்குச் சுவர் நீங்களே அளந்து எடுங்கள். உங்கள் கட்டில் 6 அடி அகலம், ஆறரை அடி நீளம். இரண்டு பக்கமும் இறங்கி நடக்கத் தலா இரண்டரை அடி விட்டால் 11 அடி அகலம் வேண்டும். கால்மாட்டில் 2 அடி ஆழ அலமாரி வைத்து, அதன் கதவைத் திறந்து நிற்க 3 அடி விட்டால் நீளம் பதினொன்றரை அடி. பத்துக்குப் பத்து அறையில் இது நடக்காது. 5 அடிக் கட்டிலுக்கு மாறினால் அகலம் சரியாகிவிடும், நீளம் இன்னும் இடிக்கும். அலமாரியைப் பக்கச் சுவருக்குக் கொண்டுபோனால் அந்தப் பக்கம் இறங்க வழி இருக்காது. இதை இப்போதே உங்கள் ஹால் தரையில் டேப் ஒட்டி வரைந்து, நடுவில் கட்டிலை இழுத்துப் போட்டு நடந்து பாருங்கள். சோபாவுக்கு அறையின் அளவு மட்டும் போதாது. வாசல், படிக்கட்டுத் திருப்பம், லிஃப்டின் உள்ளளவு மூன்றையும் எடுங்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது திருப்பத்தில்தான்.

குளியலறைக்கு அதிக நேரம் கொடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும், உதவிக்கு வருகிறவர் நுழைய முடியாது. கதவைத் திறந்தபின் மிஞ்சும் வழி 32 அங்குலம் இருந்தால் சக்கர நாற்காலி போகும். அது முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். கைப்பிடி மாட்டும் சுவர் கெட்டியான சுவரா என்று தட்டிப் பாருங்கள். வெறும் பலகைத் தடுப்பில் மாட்டிய பிடி, ஆள் பிடித்துத் தொங்கும் அன்றைக்குப் பெயர்ந்து வரும். வாசற்படிகளில் அரை அங்குலத்துக்கு மேல் மேடு வேண்டாம். இரண்டு குழாய்களை ஒரே நேரத்தில் திறந்து நீர் வரத்தைப் பாருங்கள். ஒரு முறை இரவிலும் போய்ச் சத்தம் எப்படி என்று கேளுங்கள்.

இனி பணம். தரகுக் கமிஷன், வரி, பதிவுச் செலவு, கடன் பாக்கி இருந்தால் அதை முன்கூட்டி அடைக்கும் கட்டணம், லாரி, பெயின்ட், புது வீட்டுக்குச் செய்யும் அலமாரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை மாதா மாதம் மிச்சமாகும் தொகையால் வகுங்கள். மொத்தச் செலவு 36 மாத மிச்சத்துக்குச் சமம் என்றால், மூன்று வருடம் அங்கே இருந்த பிறகுதான் லாபம் தொடங்குகிறது. சின்ன வீடு என்றால் செலவு குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுக்குமாடியில் மாதப் பராமரிப்புக் கட்டணம் மிச்சத்தில் பாதியைத் தின்றுவிடலாம். முடிந்தால் இப்போதைய வீட்டை வாடகைக்கு விட்டு, அதே பகுதியில் ஒரு சின்ன வீட்டை ஒரு வருடம் வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். ஒத்துவராவிட்டால் திரும்பிவரலாம். வாங்குவதென்றே முடிவானால் முதலில் விற்பது நல்லது. இடையில் சில மாதம் வாடகையும் இரண்டு தடவை சாமான் ஏற்றி இறக்குவதும் வரும், ஆனாலும் இரண்டு வீட்டுச் சுமையோடு, வந்த விலைக்குத் தள்ளிவிடும் நிலை வராது.

உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. அவன் வீட்டில் நெருக்கடி காலை ஏழு முதல் எட்டரை வரை என்றால் அது குளியலறைப் பிரச்சினை. இன்னொரு குளியலறையோ, கழிப்பறையைத் தனியாகத் தடுப்பதோ, வீடு மாறும் செலவில் சிறு பங்கில் முடியும். பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்பது நியாயம், ஆனால் அவளுக்கு இப்போது 12 வயது. அந்தத் தேவை ஆறேழு வருடம், கடனோ இருபது வருடம். பெரிய வீட்டை வாடகைக்கு எடுப்பது அவனுக்கு இன்னும் பொருந்தலாம். வாங்கியே தீர்வேன் என்றால், புதுத் தவணைக்கும் இப்போது கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டு வரட்டும். அதோடு வீட்டு மதிப்பில் வருடத்துக்கு ஒரு சதவீதம் பழுதுபார்ப்புக்கு என்பது பொதுவான கணக்கு, அதையும் மாதத் தவணையாகப் பிரித்துச் சேர்த்துக்கொள்ளட்டும். ஆறு மாதத்தில் இரண்டு முறை அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் அந்த வீடு அவனுக்கு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது.

அறைகளைப் பூட்டுவதை யாராவது வந்து தங்கக்கூடிய மாதமாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஆளில்லாத மாதத்தில் எந்த வீடும் போதும் போலத்தான் தெரியும். தட்டுகளின் மொத்த அளவும் கதவுத் தாளும் கையில் வந்ததும் எழுதுங்கள், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு வீடுகளின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி